எட்டுப் போட்டவள்

மூன்றாவது முறையும் பெயிலாக்கிவிட்டு
மிஸஸ் கோவல்சுக் சொன்னாள்:
"நீ நின்றதாக நினைத்துக்கொண்டாய்."

ரெட் டியர் நகரம், ஜனவரி.
கண்ணாடிக்கு வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
குறுக்குத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை.
சக்கரம் முழுசாக ஓயவில்லையாம்,
ஒரு சாண் உருண்டதாம்.
திண்டுக்கல்லில் அந்த ஒரு சாணுக்குள்
இரண்டு ஷேர் ஆட்டோ நுழைந்திருக்கும்.

ஓட்டத் தெரியாதவள் இல்லை நான்.
ஆர்டிஓ மைதானத்துப் புழுதியில்
கால் ஊன்றாமல் எட்டுப் போட்டவள்.
எனக்கு முன்னால் தம்பி முகிலரசன்.
அவன் எட்டு கொஞ்சம் கோணல்,
மேல் சுழி சின்னது, கீழ்ச் சுழி பெரியது.
"போதும் போ" என்றார் இன்ஸ்பெக்டர்,
ஏஜென்டைப் பார்த்தபடி.
இரண்டு பன்னீர் சோடாவோடு வீடு திரும்பினோம்,
லைசென்ஸ்காரர்களாக.

இங்கே எட்டு கிடையாது.
கழுத்தைத் திருப்பு என்கிறார்கள்.
கண்ணாடி மட்டும் போதாதாம்,
தோளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்
அந்தச் சின்ன இருட்டையும் பார்க்கணுமாம்.
புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் கல்யாணப் பெண் மாதிரி
திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டுகிறேன்.

ஹாரன்தான் கஷ்டம்.
அங்கே அது பேச்சு:
வர்றேன், இருக்கேன், தள்ளு, சாப்பிட்டியா.
லாரி முதுகிலேயே எழுதியிருக்கும், அடித்துவிட்டு வா என்று.
இங்கே போன வாரம்
முதியோர் இல்லத்து வாசலில்
கூட வேலை பார்க்கும் டார்லீனைக் கண்டு
வணக்கம்போல ஒரு தட்டுத் தட்டினேன்.
என்மேல் என்ன கோபம் என்று
மதியம்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

முகிலரசன் போன அன்று
ஸ்டேஷனில் அழுதுகொண்டே லாரிக்காரர்
திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்:
"ஹாரன் அடிச்சேன் சார்."
அடித்தார். உண்மை.
டீக்கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

பைபாஸில் யூ டர்ன் அரை கிலோமீட்டர் தள்ளி.
ஊரே போகிற மாதிரி
எதிர்ப்பக்கமாக, ஓரமாகத்தான் வந்தான்.
ஹெல்மெட் இருந்தது,
பெட்ரோல் டாங்க் மேல்.
பந்தலுக்கு வந்தவரெல்லாம் சொன்னார்கள், விதி.
எந்த விதி என்று
ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே மட்டும் சாகாமலா இருக்கிறார்கள்.
எட்மன்டன் சாலையில் நூற்று நாற்பதில் பறக்கிறார்கள்,
கையில் காபி, மடியில் போன்.
தார் நிறத்திலேயே உறைந்து கிடக்கும் பனி
கண்ணுக்குத் தெரிவதற்குள் காலை வாரிவிடும்.
பள்ளத்தோரம் வெள்ளைச் சிலுவைகள்,
வெளுத்துப்போன பிளாஸ்டிக் ரோஜா.
அதையும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்,
டார்லீன் காரில்.

ஆனால் அந்த மஞ்சள் பஸ்.
சிவப்பு விளக்கை மினுக்கிக் கையை நீட்டினால்
இரண்டு பக்கமும் அத்தனை வண்டியும் உறைகிறது.
ஒரே ஒரு பிள்ளை இறங்குகிறது.
கையுறையைக் கீழே போடுகிறது,
குனிந்து எடுக்கிறது,
மறுபடி போடுகிறது,
ஆற அமரக் கடக்கிறது.
ஒரு ஹாரன் இல்லை.
முதல்முறை பார்த்தபோது
எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.
யார்மேல் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

நான்காவது முறை.
நாலு முனையிலும் நில் பலகை, நாலு வண்டி.
நீ போ, இல்லை நீ போ என்று
ஓட்டல் பில்லுக்கு மல்லுக்கட்டும் சம்பந்திகளாய்க்
கையசைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
நின்றேன்.
ஒன்று. இரண்டு.
மூன்று எண்ணும்போதுதான்
உடம்பு சீட்டில் பின்னுக்குச் சாய்கிறது.
ஓ, இதுதானா நிற்பது.
மிஸஸ் கோவல்சுக் எதையோ குறித்தாள்,
நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அன்றிரவு ஷிஃப்ட் முடிந்து,
கர்லிங் அரங்கின் காலி பார்க்கிங்கில்
யார் தடமும் படாத பனிமேல்
மெதுவாக ஓர் எட்டுப் போட்டேன்.
மேல் சுழி சின்னதாக, கீழ்ச் சுழி பெரியதாக.
இறங்கிப் பார்க்கவில்லை.

தெருவில் சேரும் இடத்தில்
இண்டிகேட்டர் போட்டு, முழுசாக நின்று,
இடது, வலது, மறுபடி இடது,
பிறகு
தோளுக்குப் பின்னாலும் ஒருமுறை.